வரலாறு கற்பித்தலில் ஆவணப்படமும் பயிற்சித்தாளும்

வரலாறு கற்பித்தலில் ஆவணப்படமும் பயிற்சித்தாளும் என்பது, உண்மை நிகழ்வுகளைப் பற்றிய திரைப்படப் பகுதிகளை வகுப்பறையில் திரையிட்டு, அவற்றை ஒட்டித் தயாரித்த வினாத்தாளின் துணையுடன் மாணவர்களைப் பார்க்கவும் கேட்கவும் ஐயுறவும் எழுதவும் வைக்கும் கற்பித்தல் முறையாகும். பயிற்சித்தாள், செயல்தாள் என்றும் வழங்கப்படுகிறது. படம் மட்டும் காட்டப்பட்டால் அது பொழுதுபோக்காக முடிந்துவிடும். தாள் மட்டும் தரப்பட்டால் அது இன்னொரு தேர்வாகிவிடும். இரண்டும் சேரும்போதுதான், "இது எப்படித் தெரியும்?" என்ற வரலாற்றின் அடிப்படைக் கேள்வி மாணவரிடம் எழுகிறது.

இக்கட்டுரை இம்முறையின் பின்னணி, பாடவேளையில் அதைப் பயன்படுத்தும் விதம், திண்டுக்கல் வட்டாரப் பள்ளிகளுக்குப் பொருந்தும் இரு எடுத்துக்காட்டுகள், நடைமுறைச் சிக்கல்கள் ஆகியவற்றை விளக்குகிறது.

தமிழகத்தில் பின்னணி

இந்தியாவில் ஆவணப்படத் தயாரிப்புக்கென மத்திய அரசின் திரைப்படப் பிரிவு 1948-இல் தொடங்கப்பட்டது. பல ஆண்டுகள் திரையரங்குகளில் முதன்மைப் படத்துக்கு முன்பு அதன் செய்திப்படங்களும் ஆவணப்படங்களும் கட்டாயமாகத் திரையிடப்பட்டன. அணைக்கட்டுகள், ஐந்தாண்டுத் திட்டங்கள், தலைவர்களின் வாழ்க்கை ஆகியவற்றைச் சென்ற தலைமுறையினர் பலர் முதன்முதலில் அசையும் படமாகக் கண்டது அங்கேதான். தொலைக்காட்சி வந்தபின் சியாம் பெனகல் இயக்கிய 'பாரத் ஏக் கோஜ்' (1988) போன்ற தொடர்கள் வரலாற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தன. எனினும் அது ஆவணங்களையும் நடிப்பையும் கலந்து அமைந்த தொடர்.

பள்ளிகளைப் பொறுத்தவரை, 2018-19 கல்வியாண்டு முதல் வெளிவந்த தமிழகப் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியால் அவற்றை வருடினால் பாடம் தொடர்பான காணொலிகளைக் காணலாம். 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் திறன் வகுப்பறைகளும் அமைக்கப்பட்டன. ஆகவே படம் கிடைப்பது இன்று பெரிய சிக்கலாக இல்லை. கிடைத்த படத்தை என்ன செய்வது என்பதே சிக்கல்.

ஆவணப்படம் எவ்வகைச் சான்று?

மாணவர்கள் பெரும்பாலும் திரையில் கண்டதை "நடந்தது" என்று எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் ஓர் ஆவணப்படத்தில் வெவ்வேறு தன்மையுள்ள நான்கு பொருள்கள் கலந்திருக்கும்.

1. நிகழ்வின்போதே எடுக்கப்பட்ட படச்சுருள் அல்லது ஒளிப்படம்.
2. இன்றைய நிலையில் எடுக்கப்பட்ட இடங்கள், பொருள்கள். எடுத்துக்காட்டாகக் கோட்டை, கல்வெட்டு, நாணயம்.
3. நடிகர்களைக் கொண்டோ ஓவியத்தாலோ கணினியாலோ பிற்காலத்தில் உருவாக்கப்பட்ட காட்சி.
4. பின்னணிக் குரல், இசை, அறிஞர்களின் நேர்காணல்.

இவற்றைப் பிரித்தறிய இரண்டு ஆண்டுகளை மாணவர் நினைவில் கொண்டால் போதும். ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். லூமியர் சகோதரர்கள் பாரிசில் கட்டணம் பெற்று அசையும் படத்தைத் திரையிட்டது 1895-இல். ஆகவே வேலு நாச்சியாரின் ஒளிப்படம் என்று ஒன்று இருக்க முடியாது. 1857 பெருங்கிளர்ச்சியின் அசையும் படமும் இருக்க முடியாது. அவ்வாறு எதையேனும் கண்டால் அது பிற்காலத்தில் உருவாக்கப்பட்டது. இந்த எளிய கணக்கை ஏழாம் வகுப்பு மாணவரும் தாமே போட்டுவிடுவார்.

பயிற்சித்தாளின் பணி

வழக்கமாகக் காணப்படும் குறை, பயிற்சித்தாளைக் கோடிட்ட இட வினாக்களால் நிரப்புவதாகும். "இப்போர் நடந்த ஆண்டு ____" என்று கேட்டால் மாணவர் அந்த எண் காதில் விழும்வரை காத்திருப்பார். விழுந்ததும் எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குக் காத்திருப்பார். படத்தைப் பார்க்கமாட்டார். இத்தகைய வினாக்கள் ஒன்றிரண்டு இருக்கலாம், அவ்வளவே.

மற்றொரு குறை, படம் முடிந்தபின் தாளை வழங்குவது. எதைக் கவனிக்க வேண்டும் என்று முன்பே தெரியாதவர், கவனித்ததை நினைவிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியுள்ளது. தாளைத் திரையிடலுக்கு முன்பே கொடுத்து, வினாக்களை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும்.

பயனுள்ள தாளின் நடுவில் மூன்று பத்திகள் இருக்கும்: "பார்த்தது", "கேட்டது", "நானாக எண்ணிக்கொண்டது". தலைவர் ஒருவர் நடந்து செல்வது பார்த்தது. "மக்கள் பெரும் எழுச்சியுடன் திரண்டனர்" என்பது கேட்டது. அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்பது மாணவர் எண்ணிக்கொண்டது. இம்மூன்றையும் ஒரே பத்தியில் எழுதும் பழக்கம் மாறுவதே இம்முறையின் முதற்பயன்.

பாடவேளை அமைப்பு

நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளைக்கு முழு ஆவணப்படம் பொருந்தாது. எட்டு முதல் பத்து நிமிடப் பகுதி ஒன்றே போதும்.

1. முன்னறிவு (5 நிமிடம்): பாடநூலில் அப்பகுதியை நினைவூட்டுதல், தாளை வழங்கி வினாக்களைப் படித்தல்.
2. ஒலியின்றித் திரையிடல் (4 நிமிடம்): படப்பகுதியின் ஒரு பாதியைக் குரலும் இசையும் இல்லாமல் காட்டுதல். "பார்த்தது" என்ற பத்தியை நிரப்புதல்.
3. ஒலியுடன் திரையிடல் (10 நிமிடம்): முழுப்பகுதியையும் காட்டுதல். "கேட்டது" என்ற பத்தியை நிரப்புதல்.
4. இணையாக எழுதுதல் (13 நிமிடம்): பக்கத்தில் இருப்பவருடன் ஒப்பிட்டு மற்ற வினாக்களுக்கு விடை எழுதுதல்.
5. கலந்துரையாடல் (13 நிமிடம்): படமும் பாடநூலும் வேறுபடும் இடங்களைக் கரும்பலகையில் எழுதி விவாதித்தல்.

ஒலியின்றித் திரையிடுவதை விட்டுவிடக் கூடாது. ஒரே காட்சிக்கு வீர இசை சேர்த்தால் ஒரு பொருளும், சோக இசை சேர்த்தால் வேறொரு பொருளும் தோன்றுவதை மாணவர் தாமே உணர்வது அப்போதுதான்.

எடுத்துக்காட்டு 1: ஏ. கே. செட்டியாரின் காந்தி ஆவணப்படம்

கோட்டையூரில் பிறந்த பயண எழுத்தாளர் ஏ. கே. செட்டியார் (1911–1983), காந்தியைப் பற்றி உலகின் பல பகுதிகளில் எடுக்கப்பட்டிருந்த படச்சுருள்களைத் தேடிப் பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். முப்பது ஆண்டுக்காலத்தில் சுமார் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த ஏறத்தாழ 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டி, அதிலிருந்து சுமார் 12,000 அடி நீளமுள்ள படத்தை உருவாக்கினார். தமிழ் விளக்கவுரையுடன் அது 1940 ஆகஸ்டில் வெளியானது. 1950-களில் அமெரிக்காவில் சுருக்கமான ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தது. தமிழ்ப் பதிப்பு பின்னாளில் கிடைக்காமல் போயிற்று. ஆங்கிலப் பதிப்பின் படியை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்.

இப்படத்தின் கதையே ஒரு வரலாற்றுப் பாடம். 50,000 அடியில் 12,000 அடி போக எஞ்சியது 38,000 அடி. அதில் என்ன இருந்தது? எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தவர் யார்? 1940-இல், ஆங்கில ஆட்சியின்போது, இப்படத்தை எடுப்பதில் என்ன இடர் இருந்திருக்கும்? இவ்வினாக்களுக்குப் பாடநூலில் விடை இல்லை. மாணவர் சிந்தித்தே எழுத வேண்டும்.

1930 தண்டி யாத்திரைக் காட்சிகளையும் இதே பாடத்தில் சேர்க்கலாம். மார்ச் 12 முதல் ஏப்ரல் 6 வரை நடந்த அந்தப் பயணத்தின் படச்சுருள்கள் பலவும் ஒலியற்றவை. இன்று நாம் கேட்கும் குரலும் இசையும் பிற்காலத்தில் சேர்த்தவை. அதே ஆண்டு ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடத்திய உப்புப் பயணத்துடன் இதை ஒப்பிடச் செய்யலாம்.

திண்டுக்கல் மாணவர்கள் இப்பாடத்தைத் திரையோடு முடிக்க வேண்டியதில்லை. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியது அருகிலுள்ள மதுரையில். காந்தியின் வழிவந்த தி. செ. சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் சின்னாளப்பட்டிக்கு அருகில் உள்ளது. அங்கு 1956-இல் கிராமிய நிறுவனம் தொடங்கப்பட்டு, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. திரையில் கண்ட கைத்தறியையும் கதரையும் நேரில் கண்டு, அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டைத் தாளின் கடைசிப் பகுதியில் எழுதலாம்.

எடுத்துக்காட்டு 2: விருப்பாட்சி கோபால் நாயக்கர்

முதல் எடுத்துக்காட்டில் படச்சுருள் நிறைய இருக்கிறது. இதில் ஒன்றுகூட இல்லை. அதனாலேயே இது கடினமானது, பயனுள்ளதும்கூட.

பழநி சாலையில் ஒட்டன்சத்திரம் பக்கம் உள்ள விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால் நாயக்கர். மணப்பாறை இலட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூசை நாயக்கர் ஆகியோரைச் சேர்த்துத் திண்டுக்கல் கூட்டமைப்பை ஏற்படுத்தியவர் என்று பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல் கூறுகிறது. சிவகங்கையை இழந்த வேலு நாச்சியார் ஐதர் அலியின் பாதுகாப்பில் எட்டு ஆண்டுகள் விருப்பாட்சியில் இருந்தார். 1801-இல் ஆங்கிலேயப் படை கோபால் நாயக்கரை ஒடுக்கியது. திண்டுக்கல் கோபாலசமுத்திரக் குளக்கரையில் அவர் தூக்கிலிடப்பட்டார் என்பது ஊர் மக்கள் சொல்லிவரும் செய்தி.

1801-இல் ஒளிப்படக் கருவி கிடையாது. எனவே அவரைக் காட்டும் எந்தப் படத்திலும் முகம், உடை, மீசை, குதிரை யாவும் ஓவியரின் அல்லது இயக்குநரின் கற்பனை. இதைச் சொன்னதும் சில மாணவர்கள் ஏமாற்றமடைவர். சிலர், "அப்படியானால் அவர் இருந்ததே பொய்யா?" என்று கேட்பர். இந்தக் கேள்வியைக் கடந்து செல்லாமல் அதிலேயே நிற்க வேண்டும். முகம் கற்பனை, மனிதர் உண்மை. அவர் வாழ்ந்ததற்குச் சான்று ஆங்கிலேய அரசின் கடிதங்கள், படைக்குறிப்புகள், ஊர் மரபு ஆகியவை. சான்றின் வகை மாறினால் உறுதியின் அளவும் மாறும் என்பதே பாடம்.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) திரைப்படத்தை இங்கே ஒப்பிடலாம். கட்டபொம்மன் என்றதும் பலர் மனக்கண்ணில் தோன்றுவது சிவாஜி கணேசனின் முகமே. ஜாக்சனுடன் 1798-இல் இராமநாதபுரத்தில் நடந்த சந்திப்பைப் பற்றி எழுதச் சொன்னால், திரைப்பட உரையாடலையே விடையாக எழுதும் மாணவர் உண்டு. அது வசனகர்த்தாவின் எழுத்து, ஆவணம் அன்று. கதைப்படத்தைக் குறைகூறுவது இதன் நோக்கம் அல்ல. அது எவ்வகை நூல் என்று அறிவதே நோக்கம்.

நேரில் காண்பதற்குத் திண்டுக்கல் மலைக்கோட்டை இருக்கிறது. 1605-இல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் காலத்தில் கட்டத் தொடங்கப்பட்டதாகக் கூறப்படும் இக்கோட்டை, 1755 முதல் ஐதர் அலியின் பொறுப்பில் இருந்தது. 1790-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் பகுதி கம்பெனியின் வசமாயிற்று. இன்று தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. படத்தில் கோட்டையின் எந்தப் பக்கம் காட்டப்பட்டது, எந்தப் பக்கம் காட்டப்படவில்லை என்று மேலே ஏறிப் பார்த்துக் குறிக்கச் சொல்லலாம்.

மாதிரிப் பயிற்சித்தாள்

எந்தப் படத்துக்கும் பொருந்தும் எட்டு வினாக்கள்:

1. படத்தை எடுத்தவர் யார்? எந்த ஆண்டு? நிகழ்வு நடந்து எத்தனை ஆண்டுக்குப் பின்?
2. ஒலியின்றிப் பார்த்தபோது கண்ட மூன்று செய்திகள்.
3. ஒலியுடன் பார்த்தபோது புதிதாகத் தெரிந்த மூன்று செய்திகள்.
4. எந்தக் காட்சி அக்காலத்தது? எந்தக் காட்சி பிற்காலத்தில் உருவாக்கப்பட்டது? எப்படிக் கண்டுபிடித்தாய்?
5. படத்தில் பேசியவர்கள் யார்? பேசாதவர்கள் யார்?
6. பாடநூலும் படமும் வேறுபடும் ஓர் இடம்.
7. இதை உறுதிசெய்ய எங்கே போவாய்? யாரைக் கேட்பாய்?
8. இன்னும் உனக்கு விளங்காதது எது?

ஐந்தாவது வினாவில்தான் நல்ல விடைகள் வரும். பெண்கள் பேசவில்லை, படைவீரர்கள் பேசவில்லை, கோட்டைக்குக் கல் சுமந்தவர்கள் பேசவில்லை என்று மாணவர்கள் எழுதத் தொடங்குவர். எட்டாவது வினாவுக்குத் தவறான விடையே கிடையாது. அதை வெறுமையாக விடாதவருக்கு முழு மதிப்பெண் தரலாம்.

நடைமுறைச் சிக்கல்கள்

மின்தடையும் இணையத் தடையும் வழக்கமானவை. படப்பகுதியை முன்பே பதிவிறக்கி வைத்திருக்க வேண்டும். படவீழ்த்தி இல்லாத பள்ளியில் நான்கைந்து காட்சிகளை ஒளிப்படமாக அச்சிட்டுக் குழுக்களுக்கு வழங்கினால் இரண்டாம், நான்காம், ஐந்தாம் வினாக்களை அப்படியே நடத்தலாம். தாளை நகலெடுக்க வசதியில்லையெனில் வினாக்களைக் கரும்பலகையில் எழுதினால் போதும். பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குப் பக்கத்தில் இருப்பவர் காட்சியைச் சொல்லிக்கொண்டே வரலாம். அப்படிச் சொல்பவரும் கூர்ந்து பார்க்கப் பழகுகிறார்.

பதிப்புரிமை பற்றிய தயக்கமும் உண்டு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் பணியின் பகுதியாக, மாணவர், ஆசிரியர், பெற்றோர் போன்றோர் மட்டுமே பார்வையாளராக இருக்கும் திரையிடலுக்கு விலக்கு அளிக்கிறது. கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு அது பொருந்தாது.

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்ற அழுத்தமே எல்லாவற்றிலும் பெரிய தடை. பொதுத்தேர்வு எழுதும் வகுப்பில் வாரந்தோறும் இதைச் செய்ய இயலாது. பருவத்துக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கினாலே பழக்கம் உருவாகும். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை இதற்கு ஏற்ற காலம்.

முக்கியத்துவம்

இன்றைய மாணவர் வரலாற்றைப் பாடநூலில் படிப்பதைவிடக் கைப்பேசியில் பார்ப்பதே அதிகம். மன்னர்கள், போர்கள், சாதிகள், கோயில்கள் பற்றிய ஒரு நிமிடக் காணொலிகள் பெயரும் ஆண்டும் இல்லாமல் குடும்பக் குழுக்களில் சுற்றி வருகின்றன. அவற்றில் உண்மையும் உண்டு, ஊரைப் பிரிக்கும் பொய்யும் உண்டு. அங்கே ஆசிரியர் அருகில் இருக்கமாட்டார், பயிற்சித்தாளும் இருக்காது. எடுத்தவர் யார், எப்போது எடுத்தார், எதை விட்டார் என்ற மூன்று கேள்விகளையேனும் மாணவர் தாமாகக் கேட்டுக்கொண்டால், வகுப்பறையில் செலவிட்ட அந்த இரண்டு பாடவேளைகளும் வீண்போகவில்லை எனலாம்.