வீட்டில் மரணம் நிகழ்ந்தால்: முதலில் செய்ய வேண்டியவை

துயரத்தின் நடுவிலும், இறுதிச் சடங்குக்கு முன்னர் பின்வருவனவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

1. மருத்துவர் நேரில் வந்து மரணத்தை உறுதி செய்ய வேண்டும். சிகிச்சை அளித்து வந்த மருத்துவரிடம் இறப்புக் காரணச் சான்றிதழைப் (படிவம் 4ஏ) பெறுங்கள். பின்னர் பெறுவது கடினம்.

2. விபத்து, தற்கொலை அல்லது ஐயத்திற்குரிய மரணம் எனில், உடலை அகற்றாமல் காவல் நிலையத்திற்குத் தெரிவியுங்கள்.

3. கண் தானத்திற்கு 6 மணி நேரமே உண்டு. தமிழ்நாட்டில் 104 எண்ணை அழையுங்கள். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

4. இறப்பை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். சொந்த ஊரில் அன்று; மரணம் நிகழ்ந்த ஊரிலேயே பதிய வேண்டும். பெயரில் எழுத்துப்பிழை இருப்பின், குடும்ப ஓய்வூதியமும் காப்பீட்டுத் தொகையும் தாமதமாகலாம்.