வாடகைத்தாய் முறையும் மகவு இல்லம் புகுதலும்

மகப்பேற்று மனையினின்று மகவை இல்லத்திற்குக் கொணர்தல் இயல்பான நிகழ்ச்சியே. ஆயின், வாடகைத்தாய் வயிற்றிற் பிறந்த மகவைப் பொறுத்தவரை அதுவே சட்டச் சிக்கலாதல் உண்டு. இங்கிலாந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

1985 சனவரி 4ஆம் நாள் வட இலண்டனிற் பிறந்த அத்தகைய பெண்மகவொன்றை, உள்ளூராட்சி மன்றம் பாதுகாப்பு ஆணை பெற்று மருத்துவமனையிலேயே நிறுத்திவைத்தது. வழக்கை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், மகவின் நலனையே முதன்மையாகக் கொண்டு, அம்மாதத்திலேயே அதனை வளர்க்க விழைந்த தம்பதியரிடம் ஒப்படைத்தது. அவ்வாண்டே வணிகநோக்கிலான இடைத்தரகு சட்டத்தால் விலக்கப்பட்டது.

இன்று அங்கு வழங்கும் 2008ஆம் ஆண்டு மனிதக் கருவாக்க, முளையவியற் சட்டத்தின்படி, கருமுட்டை யாருடையதாயினும் சுமந்து ஈன்றவளே தாய். நீதிமன்றம் வழங்கும் பெற்றோராணையால் அவ்வுரிமை மாறும். அதற்கு ஈன்றவள் அளிக்கும் இசைவு, மகப்பேற்றின் பின் ஆறு வாரங் கழியுமுன் செல்லாது. விண்ணப்பிக்கும் வேளையிலும் ஆணை பிறக்கும் வேளையிலும் மகவின் இல்லம் விண்ணப்பகாரரோடு இருத்தல் வேண்டும் என்பதும் நிபந்தனை. ஆகவே, சட்டம் பெற்றோர் என ஏற்குமுன்னரே மகவு அவர்தம் இல்லம் புகுகின்றது. அவ்விடைக்காலத்தில் தாய்க்குரிய சட்ட உரிமை, தொட்டிலருகே விழித்திருக்கும் பெண்ணுக்கன்று, ஈன்றவளுக்கே உரியது.

நற்றாயையும் செவிலித்தாயையும் தமிழ் அகமரபு வேறுபடுத்திற்று. எனினும், ஈன்றவள் வேறு, கருமுட்டைக்குரியவள் வேறு எனும் நிலையை அது அறியாது. இடைக்காலத்தைச் சுருக்குதலா, ஈன்றவள் மனமாறுதற்கு இடம் வைத்தலா எனும் வினாவில் இருபுறமும் நியாயம் உண்டு. மகவின் நலன் எனும் 1985ஆம் ஆண்டின் அளவுகோலே இரண்டையும் அளக்கத் தக்கது என்பது எமது துணிபு.