ஒரே கேமரா, மூன்று பெயர்கள்

2003-இல் கேனான் ஒரு டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவை வெளியிட்டது. ஐரோப்பாவில் அதற்கு எண்ணே பெயர்: இஓஎஸ் 300டி. அமெரிக்காவில் 'டிஜிட்டல் ரெபெல்', அதாவது கலகக்காரன். ஜப்பானிலோ 'கிஸ் டிஜிட்டல்'. ஆமாம், முத்தம்தான்! ஃபிலிம் காலத்திலேயே, 1993-இல், அங்கே வந்த பெயர் இது. ஓடியாடும் பிள்ளைகளைப் படம்பிடிக்க ஏங்கும் பெற்றோருக்கு, குறிப்பாகத் தாய்மார்களுக்கு, எடை குறைந்த கேமரா. எவ்வளவு அன்பான பெயர்!

கேனான் என்பதே மாறிவந்த பெயர்தான். 1934-இல் உருவான முதல் மாதிரிக்குப் பெயர் 'குவானன்'. பௌத்தர்கள் வணங்கும் கருணைத் தெய்வத்தின் பெயர் அது. உலகச் சந்தையை எண்ணி, மறு ஆண்டே 'கேனான்' என்று பதிவு செய்தார்கள்.