பெருந்தொற்றுக் காலத்தில் பெங்களூர் ஓட்டல்களும் இணையவழி விற்பனையும்

பெங்களூர் நகரின் ‘தர்ஷினி’ சிற்றுண்டிச் சாலைகளில் பெரும்பாலும் நாற்காலிகள் இருப்பதில்லை. பணம் செலுத்திச் சீட்டுப் பெற்று, இட்லியையோ தோசையையோ வாங்கி, உயரமான மேசையருகே நின்று உண்டு, காப்பி அருந்திப் பத்து நிமிடங்களில் வெளியேறுவதே அங்குள்ள வழக்கம். 1983ஆம் ஆண்டில் ஜயநகரில் தோன்றிய இம்முறையின் பொருளாதாரம் எளியது. விலை குறைவு, தட்டு ஒன்றுக்குக் கிடைக்கும் இலாபமும் குறைவு. ஆனால் ஒரே இடம் நாளொன்றுக்குப் பன்முறை பயன்படுவதால் வாடகையும் கூலியும் கட்டுப்படியாகின்றன. 2020 மார்ச் 25இல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது முதலில் நின்றது இந்தச் சுழற்சியே.

ஓட்டல்களில் அமர்ந்தோ நின்றோ உண்பது தடை செய்யப்பட்டது. எனினும் உணவைப் பொட்டலமாக வழங்கவும் வீடுகளுக்கு அனுப்பவும் இடமளிக்கப்பட்டது. 2020 ஜூன் 8 முதல், இருக்கைகளில் பாதியளவுக்கு மிகாமல் கூடங்கள் திறக்கப்பட்டன. 2021 ஏப்ரல் இறுதியில் இரண்டாம் அலையின்போது கர்நாடகத்தில் அவை மீண்டும் மூடப்பட்டன. இக்காலத்தில் வாடிக்கையாளரை அடையும் முக்கிய வழியாகக் கைபேசிச் செயலிகள் விளங்கின. 2014இல் பெங்களூரிலேயே தொடங்கப்பட்ட ஸ்விக்கி ஒன்று. 2020 ஜனவரியில் ஊபர் நிறுவனத்தின் இந்திய உணவு விநியோகப் பிரிவை வாங்கிய சொமேட்டோ மற்றொன்று. பேரம் பேச விரும்பிய ஓட்டல் உரிமையாளருக்கு வேறு வாயில்கள் அதிகமில்லை.

ஊரடங்கினால் இணையவழி விற்பனை பெருகியது என்பது பரவலான கருத்து. முதலாண்டின் கணக்கு அவ்வாறு கூறவில்லை. சொமேட்டோவின் வழியாக 2019-20இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 40 கோடி உணவுக் கோரிக்கைகள் நிறைவேற்றப்பட்டன. 2020-21இல் அது ஏறத்தாழ 24 கோடியாகக் குறைந்தது. அதே வேளையில் ஒரு கோரிக்கையின் சராசரி மதிப்பு சுமார் ரூ. 280லிருந்து ரூ. 400ஐ நெருங்கியது. தொற்றின் அச்சம் ஒருபுறமிருக்க, தனியே தங்கிப் பணியாற்றிய இளைஞர்கள் பலர் சொந்த ஊர்களுக்குத் திரும்பினர். குடும்பங்கள் சேர்ந்து ஒரே முறையில் கூடுதலாக வாங்கின. மென்பொருள் ஊழியர்களும் அவர்களுக்கான விடுதிகளும் நிறைந்த பெங்களூரில் இம்மாற்றம் எளிதில் உணரத்தக்கது.

விற்பனை வேறு, மிச்சம் வேறு. இதனை ஓர் உதாரணக் கணக்கால் விளக்கலாம். கூடத்தில் ரூ. 100க்கு விற்கும் ஓட்டலுக்கு அரிசி, பருப்பு, காய்கறி, எரிவாயு ஆகியவற்றுக்கு ரூ. 40 செலவு என்றும், வாடகை, கூலி முதலிய நிலைச் செலவுகளுக்கு ரூ. 48 என்றும் கொள்வோம். மிச்சம் ரூ. 12. இதே உணவு செயலி வழியே செல்லும்போது தரகு ரூ. 22, பொட்டலப் பெட்டிக்கு ரூ. 5 என ரூ. 27 கழிகிறது. கூடம் நிரம்பி, நிலைச் செலவு முழுவதும் அங்கேயே ஈடாகிவிட்டால், இணையவழியில் விற்கும் ஒவ்வொரு நூறு ரூபாயும் ரூ. 33ஐக் கூடுதல் வருவாயாகத் தரும். கூடம் மூடப்பட்டிருந்தாலோ அந்த ரூ. 33தான் ரூ. 48ஐச் சுமக்க வேண்டும், நூற்றுக்கு ரூ. 15 நட்டம். விற்பனை அளவு பழைய நிலையிலேயே இருப்பதாகக் கொண்டாலும் முடிவு இதுவே. தரகு இலாபத்தின் மீதன்றி விற்பனையின் மீது கணக்கிடப்படுவதே இதன் காரணம்.

செயலியில் விலையை உயர்த்தி இதனை ஈடு செய்ய ஓட்டல்கள் முயன்றன. பிரியாணிக்கு இது ஓரளவு பொருந்தியது. அது பெட்டியில் சூடு தாங்கும், விலையும் அதிகம். தர்ஷினியின் தோசையோ வழியிலேயே மொறுமொறுப்பை இழக்கிறது. காப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கடிக்கேற்பப் பண்டத்தையே மாற்றிக்கொள்வதும் இந்நகர ஓட்டல்களுக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரில் அரிசி அரிதானபோது ரவா இட்லியை உருவாக்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸ், நெருக்கடி நிலைக் கால விலைக் கட்டுப்பாட்டில் தொழில் தடைப்பட்டபோது உடனடித் தயாரிப்பு மாவுகளின் விற்பனைக்குத் திரும்பியது. ஆனால் அந்நாளில் ஓட்டலுக்கும் உண்பவருக்கும் இடையே இன்றைய இடைநிலையாளர் இல்லை. வாங்குபவரின் பெயரும் விருப்பமும் இப்போது செயலியின் ஏட்டில் பதிவாகின்றன, சமைத்தவருக்குப் பெரும்பாலும் கிட்டுவதில்லை.

ஓட்டல் உரிமையாளர் சங்கத்தின் முறையீட்டின் பேரில் இவ்விரு நிறுவனங்களின் நடைமுறைகளை விசாரிக்குமாறு இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. செயலி வழி உணவு விற்பனைக்கான 5 சதவீத சரக்கு, சேவை வரியைச் செலுத்தும் பொறுப்பு 2022 ஜனவரி முதல் செயலி நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டது. தரகுச் சுமையைக் குறைக்கும் நோக்குடைய, மைய அரசின் ஆதரவு பெற்ற திறந்த எண்முறை வணிக வலைப்பின்னலின் பொதுச் சோதனை 2022 செப்டம்பரில் பெங்களூரிலேயே தொடங்கியது. ஆனால் இரண்டு இட்லியை மூன்று கிலோமீட்டர் கொண்டு செல்லும் செலவு எந்த வலைப்பின்னலிலும் மறைவதில்லை. இதுவரை அச்செலவில் ஒரு பகுதியை இருசக்கர வாகனத்தில் செல்லும் விநியோகப் பணியாளரே ஏற்று வந்துள்ளார். கர்நாடக அரசு 2025இல் இயற்றிய சட்டம், அவருக்கு வழங்கப்படும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்காக நிறுவனங்களிடம் வசூலிக்க வகை செய்கிறது.