தைமஸ் இல்லாத எலியும் சளி விடாத குழந்தையும்

எட்டு மாதக் குழந்தை. எடை நாலரைக் கிலோ. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைப் படலம். அம்மா மஞ்சப்பையிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். பாதி தீர்ந்த ஆன்டிபயாட்டிக் சிரப் மூன்று, இருமல் மருந்து இரண்டு. எதற்கும் சீட்டு கிடையாது. "சளிதான், பல் முளைச்சா சரியாயிடும்னாங்க டாக்டர்." அதற்குள் மூன்று முறை நிமோனியா வந்து போயிருந்தது.

இப்படித் தாமதமாக வரும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பிறவியிலேயே தைமஸ் சுரப்பி இல்லாதவர்கள் இவர்களில் மிகச் சிலரே. ஆனால் நாள் கடந்தால் காப்பாற்ற முடியாமல் போவது அந்தச் சிலரைத்தான்.

எலியிடம் கற்றது

நெஞ்சிலுள்ள தைமஸை வேலையற்ற உறுப்பு என்றே வெகுகாலம் நினைத்தார்கள். 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றினார். குட்டிகள் இளைத்தன, தொற்றில் மடிந்தன. வேறு வகை எலியின் தோலை ஒட்டினாலும் அவற்றின் உடல் எதிர்க்கவில்லை. அடுத்த ஆண்டு கிளாஸ்கோவில் முடியே இல்லாத எலிகள் பிறந்தன. அவற்றுக்குத் தைமஸும் இல்லை என்று 1968இல் பான்டெலூரிஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். காரணம் ஃபாக்ஸ்என்1 என்ற மரபணு என்பது 1994இல் தெரிந்தது. முடியில்லாமல், நகம் சிதைந்து, டி செல்கள் (தைமஸில் பக்குவப்பட்டுத் தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள்) இன்றிப் பிறந்த இரு இத்தாலியச் சகோதரிகளிடம் அதே மரபணுக் கோளாறு 1999இல் கண்டறியப்பட்டது. எலி இல்லாவிட்டால் எங்கே தேடுவது என்றே தெரிந்திருக்காது.

"எலிக்கும் மனுஷனுக்கும் என்ன சம்பந்தம்?"

படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். சம்பந்தம் உண்டு, வித்தியாசமும் உண்டு. தைமஸைப் பாதிக்கும் இன்னொரு பிறவிக் கோளாறான டிஜார்ஜ் நோயில் பெரும்பாலும் 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருக்கும். அதிலுள்ள டிபிஎக்ஸ்1 மரபணுவின் இரண்டு பிரதிகளையும் நீக்கினால் எலிக்குட்டிக்குத் தைமஸ் உருவாகாது, இதயக் கோளாறும் அண்ணப்பிளவும் வரும். மனிதக் குழந்தைக்கோ ஒரு பிரதி போனாலே பாதிப்பு வருகிறது.

டிஜார்ஜ் உள்ள குழந்தைகள் சிலருக்குக் கால்சியம் குறைந்து வலிப்பு வரும். அதை மாந்தம் என்று சொல்லி, வசம்பைச் சுட்டு நாக்கில் தடவிவிட்டு இரண்டு நாள் காத்திருக்கிறார்கள். வலிப்புக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது! மூக்கில் எண்ணெய் விடுவது இன்னொரு கொடுமை. அது நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியாவாகும். எதிர்ப்புச் சக்திக்கு லேகியம் கேட்கிறார்கள். டி செல்கள் பக்குவப்படும் இடமே இல்லாத உடம்பில் லேகியம் எதையும் செய்யாது.

தவறான நம்பிக்கை மருத்துவர்களையும் விட்டுவைக்கவில்லை. கைக்குழந்தையின் தைமஸ் இயல்பாகவே பெரியது. அதை வீக்கம் என்று எண்ணி, கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். பின்னாளில் அந்தக் குழந்தைகளிடையே தைராய்டு புற்றுநோய் கூடியது. எக்ஸ்ரேயில் தைமஸின் நிழல் பெரிதாகத் தெரிந்தால் பதறாதீர்கள்.

பரிசோதனை, சிகிச்சை

தைமஸ் இல்லையோ என்று சந்தேகம் வந்தால் செய்பவை இவை: லிம்போசைட் எண்ணிக்கை, டி செல்களைப் பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, மரபணுச் சோதனை.

முடியில்லா எலிக்குத் தைமஸ் திசுவைப் பொருத்தினால் டி செல்கள் உருவாகின்றன. அதே வழியில், இதய அறுவையின்போது வேறு குழந்தைகளிடமிருந்து அகற்றப்படும் தைமஸைப் பக்குவப்படுத்தி, தைமஸ் இல்லாத குழந்தையின் தொடைத் தசையில் வைக்கிறார்கள். அமெரிக்கா 2021இல் இதற்கு அனுமதி அளித்தது. பலன் தெரிய ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை குழந்தை தொற்றில்லாமல் இருக்க வேண்டும். அதனால்தான் சீக்கிரம் வாருங்கள் என்கிறோம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

ஃபாக்ஸ்என்1 குறை தாய், தந்தை இருவர் வழியாகவும் வருவது. சொந்தத்தில் மணமுடித்தால் வாய்ப்பு கூடும். டிஜார்ஜ் பெரும்பாலும் புதிதாக நேர்வது. அம்மாவைக் குறை சொல்லாதீர்கள்.

தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள், மற்ற எல்லாக் குழந்தைகளையும் காப்பது அதுதான். ஆனால் பிறந்ததும் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது. டி செல் இல்லாத குழந்தைக்கு அது ஆபத்து. உங்கள் முந்தைய குழந்தை விடாத தொற்றில் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு ஊசி போடும் முன் அந்த ஒரு விஷயத்தை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.