வேகத்தடை தாண்டியும் கார் ஏன் குதிக்கிறது? குமிழைத் திருகினால் எப்படி அடங்குகிறது?

காரின் எடையைத் தாங்குவது சுருள்வில். அமுங்கிய வில் விரியும், விரிந்தது மறுபடி அமுங்கும். இந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை.

அதற்குள் எண்ணெயும், துளையுள்ள பிஸ்டனும் இருக்கின்றன. இடியாப்பக் குழலில் மெல்ல அழுத்தினால் மாவு இறங்கும். வேகமாக அழுத்தினால் கை வலிக்கும். துளை வழியே எண்ணெய் போவதும் அப்படித்தான். ஆட்டத்தின் ஆற்றல் எண்ணெயில் சூடாக மாறிவிடுகிறது.

தனியாக வாங்கிப் பொருத்தும் ஷாக்குகள் சிலவற்றில் ஒரு குமிழ் உண்டு. இறுக்கினால் எண்ணெய் செல்லும் வழி குறுகும். அளவுக்கு மீறி இறுக்கினால்? புதுக்கோட்டையின் கிராமச் சாலைகளில் பள்ளங்கள் அடுத்தடுத்து வரும். சக்கரம் முழுதாக இறங்குமுன் அடுத்த அடி விழும். வண்டி மெல்லத் தாழ்ந்து, ரப்பர் தடுப்பில் ‘டொக்’கென இடிக்கும். மிகத் தளர்த்தினாலோ, திருமயம் பக்கம் நெடுஞ்சாலையில் ஆட்டம் ஓயாது.

முதலில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பார்க்க வேண்டும்; அதை விட்டுவிட்டுக் குமிழைத் திருகுவது வீண். பிறகு நான்கு ஷாக்கையும் முழுதாகத் தளர்த்தி, தினமும் போகும் சாலையிலேயே ஓட்டி, இரண்டிரண்டு ‘கிளிக்’காக இறுக்கலாம். இடமும் வலமும் ஒரே எண்ணிக்கை. வேகத்தடை தாண்டியதும் வண்டி ஒருமுறை எழுந்து அடங்கினால் போதும்.

பின்சீட்டில் மூவரும், டிக்கியில் நெல் மூட்டையும் ஏறும் நாளில் பின்பக்க ஷாக்குகளை மட்டும் சற்று இறுக்கலாம்.