மீண்டும் விரிந்த வெள்ளைத் துணி

அந்நாளில் திருவிழா இரவென்றால் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். லயமே பாய் விரித்து ஒன்றாக அமரும். இன்று கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் ஆளுக்கொரு கைப்பேசி!

அந்தப் பழைய சுகத்தை வீட்டிலேயே பெறலாம், வாசகர்களே. சிறிய புரொஜெக்டரும், இணையப் படங்களைத் தரும் விரல் நீள 'ஸ்டிக்' கருவியும் போதும். ஸ்டிக்கைப் புரொஜெக்டரின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகுங்கள். புரொஜெக்டரை முடுக்கி, அதே துளையின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். ஸ்டிக்குக்கும் மின்சாரம் வேண்டும். சென்ற தீபாவளியன்று கிள்ளானில் என் அக்காள் வீட்டில், புரொஜெக்டரின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே அதற்கு மின்சாரம் கொடுத்தோம். படம் அடிக்கடி அணைந்தது. பிள்ளைகள் சலித்துக் கைப்பேசிக்கே திரும்பினர். அத்துளைகள் பலவற்றில் அரை ஆம்பியர்தான் கிடைக்கும். ஸ்டிக்குக்கு அது போதாது. அதனுடன் வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டியதும் படம் நிலைத்தது. ஒலி மெலிந்திருந்ததால் தனி ஸ்பீக்கர் ஒன்றையும் இணைத்தோம்.

விளக்கை அணைத்தோம். எழுபது வயதைக் கடந்த அம்மா பாயை விரித்தார். "பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடு, ஐயா" என்றார். திரையாக நின்றது அப்பாவின் பழைய வேட்டி.